தின்னருக்குக் காய்ச்சல் வராது

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். 'வார்னிஷ்' என்றால்தான் திரும்புவார். மீசை முளைக்கும் முன்பே மரப்பட்டறைக்குப் பிரஷ் கழுவ வந்தவர், வந்த வாரமே ஒரு முழு டப்பா வார்னிஷைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, கடைசியில் மொட்டைதான் அடித்தார்கள். முடி மறுபடி வளர்ந்துவிட்டது. பெயர் ஒட்டியது ஒட்டியதுதான்.

நான் அவருடைய வீட்டுக்கு, நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போனவள். அதற்கென்று பயிற்சி எடுத்து, காலமெல்லாம் அந்த வேலையையே செய்து வருகிறவள். நான் போய்ச் சேர்ந்தபோது வார்னிஷ் வேறு ஆள். முந்தைய ஆளை நான் பார்த்ததில்லை. அவர் மனைவியும் பட்டறை மேஸ்திரியும் சொன்னதை வைத்துத்தான் அந்தப் பாதியைச் சொல்கிறேன்.

பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. முன்பக்கம் மேஸ்திரி மரத்தை அறுத்து, இழைத்து, கட்டிலும் கதவுமாகக் கூட்டுவார். பின்பக்கம் ஸ்ப்ரே அறை. அது வார்னிஷின் ராஜ்யம். அடிப்பதற்கு முன் தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார், தூசி எழும்பக்கூடாது என்று. பிறகு கதவைச் சாத்திக்கொள்வார். லாக்கர் என்கிற மெருகுப் பூச்சு ஈரமாக இருக்கும்போது அதில் ஒரு தூசி விழுந்தால் காய்ந்த பிறகு அது கொப்புளம் மாதிரி நிற்கும், முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். அதனால், ஸ்ப்ரேக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்டால் முதலாளியே வந்தாலும் உள்ளே போகக்கூடாது.

அவர் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள். கையால் பாலிஷ் போடுகிறவள். நாற்காலிக் கால், செதுக்கு வேலை, ஸ்ப்ரே நுழையாத இண்டு இடுக்கெல்லாம் அவள் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை.

"நான் அடிச்சா அரை மணி நேரம். நீ தேய்ச்சா அரை ஆயுசு," என்பார் அவர்.

"நீங்க மேலுக்குப் பூசுறீங்க. நான் உள்ளுக்கு இறக்குறேன். பவுடர் போடுறதும் சோறு போடுறதும் ஒண்ணா?"

"ரெண்டு பேரும் வாயை மூடினா இந்த நாற்காலி இந்த ஜென்மத்துல கடைக்குப் போகும்," என்பார் மேஸ்திரி.

சண்டை கல்யாணத்தில் முடிந்தது. அல்லது கல்யாணத்துக்குப் பிறகும் தொடர்ந்தது, இரண்டும் ஒன்றுதான். வெகுநாள் காத்திருந்து ஒரு பெண் பிறந்தாள். பட்டறைக்குத் தவழ வந்த வயதிலேயே அந்தக் குழந்தைக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் சட்டம்: கம்ப்ரசர் சத்தம் கேட்டால் கதவைத் தொடாதே. மற்றபடி அவள் தலையில் ஏறி மிதித்தாலும் பேசாமல் இருக்கிற அப்பா. சாமான் கேட்டு வருகிறவர்களிடம் எப்போதும் ஒரே பதில்தான் வைத்திருப்பார்: "நாளைக்கு ரெடி." அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், வந்தவரும் சிரித்துவிட்டுப் போவார். அவர் வாழ்க்கையில் இதற்கு மேல் சொல்லச் சிறப்பாக ஒன்றுமில்லை. வேலை தெரிந்தவர், வீட்டுக்கு ஒழுங்காக வந்தவர்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

லாக்கரை இளக்கத் தின்னர் ஊற்றுவார்கள். சாத்திய அறைக்குள் அந்த ஆவிதான் காற்று. முகமூடி உண்டு. அதன் வடிகட்டியை மாற்ற வேண்டிய காலத்தில் யாரும் மாற்றியதில்லை. அதனால் எப்போதாவது ஒருவருக்கு 'ஏறிவிடும்'. தலை கிறுகிறுக்கும், நாக்குக் குழறும், காரணமில்லாமல் சிரிப்பு வரும், காரணமில்லாமல் கோபம் வரும். இதற்குப் பட்டறை வைத்தியம் மொட்டைமாடி. ஆளைக் கைத்தாங்கலாகப் படியேற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க வைப்பார்கள். காற்றுப் பட்டதும் தெளிந்துவிடும். இறங்கி வந்தவனிடம் அவன் உளறியதையெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஒருமுறை மேஸ்திரியின் தம்பிக்கு ஏறியபோது பயந்துபோய் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "நல்லாக் காத்தாட விடுங்க, சரியாயிடும்" என்று அங்கேயும் சொல்லி அனுப்பினார்கள். அதிலிருந்து யாரும் மருத்துவமனைப் பக்கம் போனதில்லை. மொட்டைமாடி இருக்க மருத்துவமனை எதற்கு?

அன்று காலை வார்னிஷ் வரும்போதே தலை வலிக்கிறது என்றார். கம்ப்ரசரை இன்னும் போடவில்லை. "ரப்பர் கருகுது. யாருக்கும் வாசம் வரலையா?" என்று ஒவ்வொரு சுவிட்சாக மோந்து பார்த்துக்கொண்டு நடந்தார். யாருக்கும் வரவில்லை. கட்டில் கேட்டு ஒரு வாடிக்கையாளர் வந்தார். 'நாளைக்கு' என்று சொல்ல வேண்டிய ஆள், "உன் கட்டில்ல கொண்டுபோய்ப் பொணத்தைப் போடு" என்றார். வந்தவர் வெலவெலத்துப்போனார்.

மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். "ஏறிடுச்சுய்யா இவனுக்கு. மேல கொண்டு போங்க."

"இன்னிக்கு இன்னும் அடிக்கவே இல்லையே," என்றாள் மனைவி.

"நேத்து பூரா அடிச்சான்ல? நேத்து அடிச்சது இன்னிக்கு ஏறியிருக்கும்."

மேலே கொண்டுபோனார்கள். மனைவி தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டுப் பார்த்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. இறங்கி வந்து சொன்னாள்.

"வெயில்ல கிடக்கிறவன் சுடாம வேற என்ன பண்ணுவான்? இரும்பு நாற்காலியை மாடியில போட்டா அதுவும்தான் சுடும்," என்றார் மேஸ்திரி.

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. நிழல் நகர்ந்த பக்கம் பாயை நகர்த்தினாள். ஈரத்துணி போட்டாள். மறுநாளும் தெளியவில்லை என்று மறுநாளும் மாடிக்கே கொண்டுபோனார்கள். மாடியில் படுக்க வைத்ததால் சூட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்ததும் யாரும் அதற்குமேல் தேடவில்லை. வேறு எந்த வீட்டில் இது நடந்திருந்தாலும், காய்ச்சல்காரன் உளறுகிறான் என்று அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

அதன் பிறகு வீட்டில் நடந்தது இப்படி. ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மடித்தார். அலமாரியோடு பேசினார், அது பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார். மனைவியை உற்றுப் பார்த்து, "நீ யாரு? அவ எங்க? அவளை என்ன பண்ணின?" என்று கேட்டு அறைந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர்தான், மொட்டைமாடியாவது மண்ணாங்கட்டியாவது என்று திட்டி வண்டி பிடித்துக்கொண்டு வந்தார்.

கிளம்பும்போது உடம்பு சுட்டதால் மனைவி ஒரு காய்ச்சல் மாத்திரை கொடுத்திருந்தாள். எந்த மனைவியும் கொடுப்பாள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து சூடு பார்த்தபோது சூடு இல்லை. என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். "தின்னர் ஏறிடுச்சு சார். இத்தனை வருஷமா அதுலயேதான் வேலை," என்று அவளே சொன்னாள். கூட வந்திருந்த மேஸ்திரியும் ஆமாம் என்றார். எதிரே கண்கள் சிவந்து, இல்லாத ஆளோடு சண்டை போடுகிற ஒரு மனிதன், கூடவே காரணத்தையும் கையில் கொண்டுவந்து கொடுக்கிற குடும்பம். மனநலப் பிரிவில் சேர்த்துத் தூங்க ஊசி போட்டார்கள்.

அங்கேதான் வலிப்பு வந்தது. அந்தப் பிரிவின் டாக்டரே நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு அவசரமாக வேறு கட்டடத்துக்கு அனுப்பினார். தலையைப் படம் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பிறகு நரம்பியல் டாக்டர் அவளை உட்கார வைத்துச் சொன்னார்.

"மூளையில வைரஸ்மா. உதட்டு ஓரத்துல கொப்புளம் வந்து தானாப் போகும் பாருங்க, அதே கிருமிதான். நிறையப் பேர் உடம்புல சும்மா கிடக்கும். ரொம்ப அபூர்வமா ஒருத்தருக்கு மூளைக்குள்ள போயிடும். போனா இப்படித்தான், பாக்குறவங்களுக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கும்."

"அப்ப தின்னர் இல்லையா சார்?"

"தின்னருக்குக் காய்ச்சல் வராதும்மா."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அவள் என்னிடம் இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுவாள்.

கிருமிக்கு மருந்து உண்டு. வாரக்கணக்கில் நரம்பில் ஏற்றினார்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் நிறையக் காப்பாற்றலாம், தாமதமானால் உயிரை மட்டும் காப்பாற்றலாம். இவருக்கு உயிர் கிடைத்தது. புதிதாக நடப்பதை மனதில் வைப்பது, கோபத்தை அடக்குவது, வயிறு நிறைந்தால் போதும் என்பது, இதற்கெல்லாம் மூளையில் இருக்கிற இடத்தைக் கிருமி தின்றுவிட்டிருந்தது.

வீட்டுக்கு அனுப்பிய சில நாளில் என்னை வரச்சொன்னார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை. கதவைத் திறந்தவர் ஆள் நன்றாகத்தான் இருந்தார். அகன்ற தோள், வாய் நிறையச் சிரிப்பு.

"வாங்க பெரியம்மா. உங்க அலமாரிதானே? நாளைக்கு ரெடி."

நான் பையை வைத்துவிட்டுக் கைகழுவி வந்தேன். என்னைப் பார்த்தார். "வாங்க பெரியம்மா. அலமாரிக்கா வந்தீங்க? நாளைக்கு ரெடி."

"அவசரமில்லப்பா. நல்லா காயட்டும்," என்றேன்.

"பாத்தியா? விஷயம் தெரிஞ்சவங்க," என்று மனைவியிடம் சொன்னார். அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் தினமும் பலமுறை எனக்கு அந்த அலமாரி நாளைக்கு ரெடியாகிக்கொண்டே இருந்தது.

சிரிக்க முடிந்தது அது ஒன்றுக்குத்தான். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போனது: சோப்பு, மெழுகுவத்தி, பொத்தான். சாப்பிட்டு எழுந்த உடனே, "இன்னும் சோறு போடலையா?" என்று தட்டை எறிவார். வாசனை தெரியாது, கெட்டுப்போனதையும் தின்பார். பெண்களிடம் சொல்லக்கூடாததைச் சொல்வார். நான் கிழவி என்பது அதற்கு ஒரு தடையாக இருக்கவில்லை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிரேக் அறுந்த வண்டியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? சமையலறைக்குப் பூட்டுப் போட்டேன். சின்னச் சாமான்களையெல்லாம் கைக்கெட்டாத இடத்துக்கு ஏற்றினேன். எதிர்த்துப் பேசாதே, முகத்தைத் திருப்பு, பேச்சை மாற்று என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் கைவேலை பழகியவள், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்வாள். ஒன்றே ஒன்றில்தான் கேட்கவில்லை.

நோய்க்கு முந்தைய பல வருஷங்களும் அவர் நினைவிலிருந்து அழிந்திருந்தன. மனைவி நினைவிருந்தாள். மகள் தவழுகிற குழந்தையாக நினைவிருந்தாள். "பாப்பா எங்க?" என்று கேட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். பாப்பா பள்ளிக்கூடச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு எதிரே நிற்பாள்.

"இவதாங்க நம்ம பிள்ளை. நல்லா பாருங்க," என்பாள் மனைவி. மகளைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளுவாள். "சொல்லுடி. அப்பான்னு கூப்பிடு."

"அப்பா, நான்தான்ப்பா."

அவருக்கு ஆத்திரம் தலைக்கேறும். "யாரு வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து என் பிள்ளைன்னு சொல்ற? என் பிள்ளையை எங்கடி கொண்டுபோய் விட்ட?"

நல்ல நாளில் தட்டு உடையும். கெட்ட நாளில் மனைவிக்கு அடி விழும். வேண்டாம், விட்டுவிடு என்றேன். "அப்பாவுக்கே பிள்ளை தெரியலைன்னா பிறகு என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். ஆனால் அடி நிற்க வேண்டுமே.

வழி கண்டுபிடித்தது மகள்தான். ஒருநாள் அவர் "பாப்பா எங்க?" என்று ஆரம்பித்ததும், அம்மா வாயைத் திறப்பதற்கு முன் சொன்னாள்:

"பாப்பா தூங்குது மாமா. சத்தம் போடாதீங்க, எந்திரிச்சுடும்."

அவர் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்படியா? சரி சரி. நீ பக்கத்து வீடா கண்ணு?"

"ஆமா மாமா."

"நல்ல பிள்ளை," என்றார்.

அன்றிலிருந்து வீடு கொஞ்சம் அமைதியானது. அப்பாவை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரு பெண் அந்த வீட்டில் வீட்டுப்பாடம் எழுதினாள். மனைவி மட்டும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

அவளுடைய அக்கா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு நேராகவே சொன்னாள். "இது ஆம்பள இருக்கிற வீடாவும் இல்ல, இல்லாத வீடாவும் இல்ல. இந்த மாதிரி ஆளுங்களை வச்சுப் பாக்குற இடம் இருக்கு, அங்க சேத்துடு. இல்லேன்னா பிள்ளையை என்கிட்ட அனுப்பு. நாளைக்குக் கை ஓங்கினது உன் மேல விழாம அவ மேல விழுந்தா?"

"ரெண்டும் மாட்டேன்க்கா."

"அப்ப மூணாவது என்ன வச்சிருக்க?"

மூன்றாவது ஒன்றை அவள் வைத்திருந்தாள். அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பழைய செய்தித்தாளை நாலாக மடித்து மேசை விளிம்பைத் தேய்ப்பார், மரத்தின் ரேகை போன திசையிலேயே. "கை மறக்கலைம்மா," என்று என்னிடம் சொன்னாள். "பகல்ல பட்டறையில விட்டுட்டா, ராத்திரி மாத்திரையில தூங்கிடுவார். மூணு பேரும் ஒரே வீட்டுல இருந்துக்கலாம். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

கை மறக்காது என்பது உண்மை. கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, கிருமி அங்கே போகவில்லை. ஆனால் கையை நிறுத்துவது எது என்று ஒன்று இருக்கிறதே. அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாளே மேஸ்திரியைப் போய்ப் பார்த்தாள்.

மேஸ்திரி முடியாது என்று சொல்கிற நிலையில் இல்லை. மாடிக்குக் கொண்டுபோகச் சொன்ன வாய் தன்னுடையது என்று அவருக்கும் தெரியும். தின்னர் டப்பாக்களைப் பூட்டி வைத்தார், முகமூடிக்குப் புது வடிகட்டி வாங்கினார். நானும் கூடப் போனேன். எனக்கு மூச்சிறைப்பு இருப்பதால் ஸ்ப்ரே அறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மனைவி உள்ளே நின்றாள்.

முதலில் ஒரு கதவு கொடுத்தார்கள். தரையில் தண்ணீர் தெளித்தார். ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் வாங்கி, காற்றை அளந்து, பழைய அட்டையில் ஒரு தடவை அடித்துப் பார்த்தார். பிறகு கதவின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரே சீராகப் போனார். மேஸ்திரி கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அதே கைம்மா. அதே கை," என்றார். சொல்லி முடிப்பதற்குள் உள்ளே மனைவியின் குரல் உயர்ந்தது. அடித்து முடித்த கதவை அவர் மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். முடித்தது அவருக்குத் தெரியவில்லை. எதிரே ஒரு கதவு நிற்கிறது, கையில் துப்பாக்கி இருக்கிறது. ஈரத்தின் மேல் ஈரம் ஏறி லாக்கர் வழிந்து தொங்கியது.

அவள் விடவில்லை. மறுநாள் ஒரு ஏற்பாடு செய்தாள். ஒரு கதவு முடிந்த நொடியே அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது, அந்த இடத்தில் அடுத்த கதவை நிறுத்துவது. ஈரம் தொடாமல் தூக்குவது லேசான காரியமில்லை. மேஸ்திரி அதற்கென்று அடியில் ஒரு பிடி அடித்துக் கொடுத்தார்.

"முன்னாடி எல்லாம் எப்ப முடிப்ப எப்ப முடிப்பன்னு இவன் பின்னாடி அலைவேன். இப்ப இவன் முடிக்கிறதுக்குள்ள ஒளிய வைக்க ஓடுறேன்," என்றார்.

"யாரு ஒளிய வைக்கிறது?" என்றார் வார்னிஷ் முகமூடிக்குள்ளிருந்து.

"ஒண்ணுமில்லடா. நீ அடி."

மனைவி சிரித்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்து அவள் சிரித்துப் பார்த்தது அப்போதுதான். அந்த ஏற்பாடு நடந்தது. மழை நாளைத் தவிர எல்லா நாளும் போனோம். மாலையில் அவர் களைத்துப்போய் வந்தார், தின்றார், தூங்கினார். தட்டு உடைவது குறைந்தது. மகள் அம்மாவிடம் பள்ளிக்கூடக் கதை சொல்ல ஆரம்பித்தாள். எனக்கே, இப்படியே ஓடிவிடும் போலிருக்கிறது என்று தோன்றத் தொடங்கியது.

அன்று பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வீடு பூட்டியிருந்ததால் மகள் பட்டறைக்கு வந்தாள், பின்பக்கத்துச் சந்து வழியாக. ஸ்ப்ரே அறைக்குப் பின்னாலும் ஒரு கதவு உண்டு. அவள் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். கம்ப்ரசர் சத்தமில்லை. இப்போதிருந்த கம்ப்ரசர், அதன் தொட்டியில் காற்று நிறைந்தால் தானாக நின்று, குறைந்ததும் தானாக ஓடும். பழைய கம்ப்ரசர் அப்படி இல்லை, நாளெல்லாம் கத்தும். இதைப் புதிதாக வாங்கியிருந்தார்கள், அவளுக்குத் தெரியாது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தாள்.

உள்ளே பெரிய சாப்பாட்டு மேசை ஒன்று கடைசிப் பூச்சில் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. திறந்த கதவு வழியாகச் சந்தின் காற்றும் தூசியும் அதன் மேல் படிந்தன. அவர் திரும்பினார். தன் வேலையைக் கெடுத்துவிட்டு ஒரு தெருப்பிள்ளை வாசலில் நிற்கிறது. பின்னலைப் பிடித்து உள்ளே இழுத்தார். பயத்தில் அவளுக்குப் பழைய சொல் வந்துவிட்டது.

"அப்பா! அப்பா, நான்தான்ப்பா!"

"யாருடி உனக்கு அப்பா?"

தூக்கி வீசினார். கம்ப்ரசரின் இரும்புத் தொட்டியில் போய்த் தோள் மோதியது. கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கே எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

நான் உள்ளே போனபோது மனைவி ஈரத்தரையில் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடுக்கப் போனதில் அவளுடைய உதடும் கிழிந்திருந்தது. வார்னிஷ் மேசைக்கு மேல் குனிந்து, தூசி விழுந்த இடங்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாங்க பெரியம்மா. உங்க மேசையா? கொஞ்சம் தூசி விழுந்துடுச்சு. நாளைக்கு ரெடி."

மகளுக்குத் தோளோரத்துக் காறை எலும்பு முறிந்திருந்தது. மேஸ்திரி வண்டியில் வைத்து அம்மாவையும் மகளையும் கொண்டுபோனார். நான் அவரை வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்து, முகம் கழுவி விட்டு, பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்தேன். பொழுது சாயும் முன்பே அவர்கள் திரும்பி வந்தார்கள். மகளின் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளி மாதிரி கட்டியிருந்தார்கள். அவர் பார்த்துவிட்டுப் பதறி எழுந்தார்.

"அடடா, யாரு பெத்த பிள்ளையோ! கை என்னாச்சு கண்ணு?"

அவள் வாசலிலேயே நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை.

"விழுந்துட்டேன் மாமா."

"நீயா விழுந்தியா, எவனாவது தள்ளி விட்டானா? பயப்படாம சொல்லு. நான் போய்க் கேக்குறேன்."

"இல்ல மாமா. நானாத்தான் விழுந்தேன்."

"பாத்து நடக்கணும்டா," என்று சொல்லிக் கையிலிருந்த பிஸ்கட்டை உடைத்துப் பாதியை நீட்டினார். நோய் வந்ததிலிருந்து அவர் யாருக்கும் ஒரு பருக்கை கொடுத்ததில்லை. அவள் நல்ல கையால் அதை வாங்கி, அவர் பார்க்கப் பார்க்கத் தின்றாள்.

மறுநாள் காலையில் மனைவி என்னிடம் கேட்டாள். "அந்த இடம் எப்படிம்மா இருக்கும்?"

எனக்குத் தெரிந்த இடம்தான். "நல்ல இடம்னு சொல்ல மாட்டேன். சுத்தமான இடம். வேளாவேளைக்குச் சோறு, மருந்து. அடிக்க மாட்டாங்க. பூட்டி வைப்பாங்க," என்றேன்.

"எப்ப திரும்பக் கூட்டிட்டு வரலாம்?"

நான் அவருடைய மருந்துச் சீட்டுகளை எடுத்து அவள் பையில் வைத்தேன். நோயாளியின் வீட்டாரிடம் பொய் சொல்வது என் பழக்கமில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு, அவர் சட்டைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் பலம் தேவைப்படவில்லை. கதவு வேலை இருக்கிறது என்றாள். உடனே செருப்பை மாட்டினார். வழியெல்லாம் எங்கே போகிறோம் என்று கேட்டார், வேலைக்கு என்று சொன்னபோதெல்லாம் புதிதாகச் சந்தோஷப்பட்டார். அங்கே நீள நடையில் வரிசையாகக் கதவுகள். ஒரு கதவில் விரலை ஓடவிட்டார்.

"எவன் அடிச்சது இது? பூரா வடிஞ்சிருக்கு. எல்லாத்தையும் உரிச்சுட்டுத்தான் அடிக்கணும். நாளாகும்."

"ஆகட்டும்," என்றாள்.

அவருக்குக் கட்டில் காட்டினார்கள். அதில் உட்கார்ந்து, ஆட்டிப் பார்த்து, பொருத்து சரியில்லை என்றார். பணியாள் வந்து, வீட்டுக்காரங்க கிளம்பலாம் என்றான். அவள் கிளம்பவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்திருப்பாள். அவர்தான் திடீரென்று நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பாவை யார்கிட்ட விட்டுட்டு வந்த?"

"வீட்டுல இருக்கு."

"தனியாவா? அறிவிருக்கா உனக்கு? இங்க வந்து நின்னு வாயைப் பாத்துட்டு இருக்க. போ. மொதல்ல வீட்டுக்குப் போ!"

அவள் போனாள். நடையின் பாதிவரை அந்தத் திட்டு எங்கள் பின்னால் வந்தது.

அந்த வீட்டில் எனக்கு வேலை முடிந்துவிட்டது. எப்போதாவது அவளோடு அவரைப் பார்க்கப் போவேன். வாராவாரம் அவள் போகிறாள். மகள் வருவதில்லை. எலும்பு கூடிவிட்டது, அவளும் கேட்பதில்லை, அம்மாவும் கூப்பிடுவதில்லை. உள்ளே போனால் முதலில் சிரிப்பார். பிறகு பாப்பா எங்கே என்பார். பிறகு, தனியாக விட்டுவிட்டு வந்ததற்குத் திட்டி விரட்டுவார். பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன், அக்கா பார்த்துக்கொள்கிறாள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். எதுவும் நிற்பதில்லை. பஸ்ஸில் போகிற நேரத்தில் பாதிகூட அவரருகே உட்கார முடிவதில்லை. அவள் வந்துபோனதுகூட அவருக்கு நினைவில் இருப்பதில்லை.

கடைசியாகப் போனபோது அந்த இடத்து டாக்டர் எதிரே வந்தார். நல்ல மனிதர். நல்ல செய்தி சொல்கிறோம் என்றுதான் சொன்னார்.

"ரத்தமெல்லாம் டெஸ்ட் பண்ணிட்டோம்மா. ஹார்ட், லங்ஸ் எல்லாம் சின்னப் பையன் மாதிரி இருக்கு. வலிப்பும் கட்டுப்பாட்டுல இருக்கு. இந்த உடம்புக்கு நீண்ட ஆயுசு."

"சரிங்க," என்றாள் அவள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். உள்ளே அவர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.